பக்கத்துக்கு இரண்டு ரூபாய்

திருவொற்றியூரில் ஓர் அரசு அலுவலகத்துக்கு எதிர்ச் சந்தில் பதினான்கு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எந்தத் துறை அலுவலகம் என்று சொல்லமாட்டேன். சொன்னால் மற்ற துறைக்காரர்கள் எல்லாம் யோக்கியர்கள் என்று நீங்கள் நினைத்துக்கொள்ளக்கூடும். கடையில் இரண்டு மிஷின், ஒரு கம்ப்யூட்டர், லேமினேஷன் போடும் பெட்டி ஒன்று. மணலிக்குப் போகும் டேங்கர் லாரி திரும்பினால் ஷட்டர் அதிரும். காலையில் கடை திறந்ததும் மிஷின் கண்ணாடியில் படிந்திருக்கும் கரியைத் துடைப்பதுதான் முதல் வேலை. நான் பிறந்து வளர்ந்தது வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டில். கரியும் எனக்குப் புதிதில்லை, அரசாங்கக் காகிதமும் புதிதில்லை.

அரசாங்க நகல் என்று ஒன்று இருக்கிறதே, அது எங்கே தயாராகிறது தெரியுமா? என் கடையில்தான். சட்டப்படி நீங்கள் தகவல் உரிமை மனு போட்டு ஒரு கோப்பின் நகலைக் கேட்டால், அவர்கள் பக்கங்களை எண்ணுவார்கள். பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வீதம் இன்ன தொகையை இன்ன கணக்குத் தலைப்பில் கட்டுங்கள் என்று கடிதம் அனுப்புவார்கள். கணக்குத் தலைப்பு என்பது ஒரு மூச்சில் படித்து முடிக்க முடியாத நீளத்துக்கு ஓர் எண். அதில் பணம் கட்டி, கட்டியதற்கான சலானை நீட்டினால், நகல் எடுத்து முத்திரை குத்திக் கொடுக்கவேண்டும். சட்டம் அத்துடன் முடிந்துவிடுகிறது.

சட்டத்தில் இல்லாதது ஒன்று உண்டு. நாம் கட்டுகிற அந்த இரண்டு ரூபாய் நேராக அரசாங்கத்தின் பெரிய கணக்குக்குப் போய்விடும். நகல் எடுக்கவேண்டிய அலுவலகத்துக்கு அதிலிருந்து தாள் வாங்கக்கூட ஒரு பைசா திரும்பி வராது. அவர்களுடைய மிஷின் கெட்டுப்போய் பல வருடம் ஆகிறது. அதன்மேல் மேசைத் துணி விரித்து, பழைய கோப்புகளை அடுக்கி, அதற்கும் மேல் யாரோ ஒரு மணி பிளான்ட் தொட்டியை வைத்திருக்கிறார்கள். எதிர்ச் சந்தில் நான் இருக்கும்போது அவர்களுக்கு என்ன கவலை?

கோப்பைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வருபவர் அங்கே உள்ள அலுவலக உதவியாளர். கல்மண்டபத்திலிருந்து பஸ்ஸில் வருவார். என்னைவிட மூத்தவர்தான், ஆனாலும் என்னை யக்கா என்றுதான் கூப்பிடுவார். முதல் தடவை கடன் சொன்னபோது நான் கேட்டேன், ஜனங்கள் கட்டுகிற பணம் எல்லாம் எங்கே போகிறது என்று.

"அதெல்லாம் மேல பூடுதுக்கா. மேல போன துட்டு கீழ எறங்கி நான் பாத்ததே இல்ல. நீ நோட்ல எய்திக்கோ, பில்லு போட்டு வாங்கிக்கலாம்."

எழுதிக்கொண்டேன். ஒரு நோட்டு முடிந்து இரண்டாவது நோட்டு ஆரம்பித்தது. வருடத்துக்கு ஒரு தடவை, மார்ச் மாதக் கடைசியில், கொஞ்சம் பணம் கொடுப்பார்கள். மீதி நிற்கும். பாக்கி ரொம்பவும் ஏறிவிட்டால் அவர்களுக்கே கூச்சம் வந்துவிடும். அப்போது மனுதாரரையே கோப்போடும் உதவியாளரோடும் என் கடைக்கு அனுப்பிவைப்பார்கள். அரசாங்கத்துக்கு ஒரு தடவை கட்டிய மனிதன் எனக்கு இன்னொரு தடவை கொடுப்பான். காத்திவாக்கத்திலிருந்து ஒரு மீனவர் அப்படி வந்தார். கழிமுகத்தில் சாம்பல் கலந்ததைப் பற்றிய ஆய்வறிக்கை கேட்டிருந்தார். "அங்க ரெண்டு ரூவா கட்டிட்டேன்மே, இங்க இன்னாத்துக்கு இன்னொரு தபா?" என்றார். "அது கவர்மெண்டுக்கு, இது எனுக்கு" என்று சொல்லி நான் சிரித்தேன். அவர் லுங்கி மடிப்பிலிருந்து ஈர நோட்டை எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கு எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. இப்போது நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

என் அக்கா வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிட்டவர், மணலியில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் காண்டிராக்ட் வேலை பார்த்தார். டேங்குக்குள் இறங்கிக் கழிவைச் சுரண்டும் வேலை. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இறங்கினார், மதியத்துக்குள் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் பிணமாகக் கிடந்தார். உள்ளே வாயு இருந்ததாம். அவரோடு இறங்கிய இன்னொருவர் வடநாட்டுக்காரர். பிழைத்துக்கொண்ட அவரைப் பத்தாம் நாள் ஊருக்கு ரயிலேற்றிவிட்டார்கள். அப்புறம் கம்பெனியும் காண்டிராக்டரும் சேர்ந்து ஒரே பாட்டாகப் பாடினார்கள். அன்றைக்கு மாமா வேலைக்கே வரவில்லையாம். பாக்கிக் கூலி கேட்கவும் கூட்டாளியைப் பார்க்கவும் உள்ளே வந்தவராம். வந்த இடத்தில் தானாக டேங்குக்குள் எட்டிப் பார்த்து விழுந்துவிட்டாராம்.

அக்கா எர்ணாவூர்க் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் இருக்கிறாள். துக்கத்துக்கு வந்த காண்டிராக்டரின் ஆள் இந்தக் கதையை அவள் முகத்துக்கு நேராகவே சொன்னான். அக்கா அழுகையை நிறுத்திவிட்டு அவனைக் கேட்டாள்.

"காலீல அஞ்சு மணிக்கு எய்ந்து சோறு கட்டிக் குட்த்தவ நானு. வேடிக்க பாக்கப் போறவனுக்கு எவளாவது சோறு கட்டிக் குடுப்பாளாடா?"

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டான். ஆனால் சோறு கட்டிக் கொடுத்ததற்கு ரசீது இல்லை. இழப்பீட்டு வழக்கு போட்டோம். வேலைக்கு வந்தார் என்பதற்கு எழுத்தில் ஏதாவது வேண்டும் என்றார் வக்கீல். அக்காவுக்குப் பணம் தேவைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். பெண் நர்சிங் படித்துக்கொண்டிருந்தது. ஆனால் பணத்தைவிட அவளை அறுத்தது அந்த வார்த்தைதான். இருபத்திரண்டு வருடம் உழைத்த மனிதனை, செத்த பிறகு, வேடிக்கை பார்க்க வந்தவன் ஆக்கிவிட்டார்களே என்று.

விபத்து நடந்த அன்று ஆய்வுக்குப் போன அதிகாரி கேட் பதிவேட்டையும், டேங்கில் இறங்க அனுமதி கொடுக்கும் பெர்மிட்டையும் கைப்பற்றிக் கோப்பில் சேர்த்திருந்தார் என்று தெரியவந்தது. அந்தக் கோப்பு எங்கே இருந்தது? என் கடைக்கு எதிரே, அந்த அலுவலகத்தின் முதல் மாடியில். வழக்கில் சம்மன் அனுப்பி வரவழைக்கலாம், ஆனால் அது ஆடி அசைந்து வரும், மனு போட்டு முத்திரையோடு நகல் வாங்கிவிடுங்கள் என்றார் வக்கீல். நான் அக்காவின் தோளைத் தட்டினேன். "இத்த என்கிட்ட வுடுக்கா. அது என் எடம்" என்றேன். என் திமிர் அப்படி.

அக்கா பெயரில் மனுவை நானே டைப் அடித்தேன். முப்பது நாளில் பதில் தரவேண்டும் என்பது விதி. இருபத்தொன்பதாம் நாள் கடிதம் போட்டார்கள். மொத்தம் நாற்பத்து மூன்று பக்கம், எண்பத்தாறு ரூபாய் கட்டவும் என்று. இது பழைய வித்தை. பணம் கட்டு என்று கடிதம் போட்ட தேதியிலிருந்து நாம் கட்டுகிற தேதி வரை அவர்கள் கணக்கில் நாள் ஓடாது. பணம் கட்டாதவரை தாமதம் என்று யாரும் அவர்களைக் கேட்க முடியாது. எனக்கு இதெல்லாம் தெரியும். என் கடைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஊராருக்கெல்லாம் சலான் போட்டுக் கொடுப்பவளே நான்தான். ஒரு சலானுக்கு இருபது ரூபாய் வாங்குகிறேன், பத்து நிமிஷ வேலை.

அந்தப் பத்து நிமிஷத்தை என் அக்காவுக்காக நான் செலவழிக்கவில்லை.

நடந்தது இதுதான். கடிதம் வந்த மறுநாள் காலை சலான் போடலாம் என்று கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். அதற்குள் உதவியாளர் ஒரு கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

"யக்கா, உங்க மாமா ஃபைலுதான். சாரு எட்த்துனு வரச் சொல்ட்டாரு. நாப்பத்தி மூணு பக்கம்."

"இரு, துட்டக் கட்டிட்டு வர்றேன்."

"இன்னாத்துக்குக் கட்ற? நாங்கதான உனுக்கு ஒம்போதாயிரத்துக்கு மேல பாக்கி? சாரே சொல்ட்டாரு, அதுல கயிச்சிக்கலாம்னு. உனுக்குப் போய் சலானா? நீ நம்ம ஆபீஸ் ஆளுக்கா."

நம்ம ஆபீஸ் ஆள். அந்த ஒரு வார்த்தையில் நான் குளிர்ந்துபோனேன். பதினான்கு வருடமாக அந்த வாசலில் கைகட்டி நிற்கும் ஜனங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர்களில் நான் ஒருத்தி இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். கம்ப்யூட்டரில் பாதி போட்டிருந்த சலானை மூடினேன். கோப்பை வாங்கி, ஒவ்வொரு தாளாக என் கையாலேயே நகல் எடுத்தேன்.

பெர்மிட் முப்பத்தோராவது பக்கத்தில் இருந்தது. மாமாவின் பெயர், ஹெல்மெட் எண், டேங்க் எண், இறங்கிய நேரம் எட்டு நாற்பது. வாயு சோதித்தீர்களா என்ற கட்டத்தில் ஒன்றுமே எழுதவில்லை. கீழே சூப்பர்வைசரின் கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் மாமாவின் கையெழுத்து, அவர் எப்போதும் போடுவதுபோலக் கடைசி எழுத்தைச் சாய்த்து. நான் மிஷின்மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டேன். உதவியாளர் டீ வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். அந்த ஒரு பக்கத்தை மட்டும் எனக்கு இன்னொன்று எடுத்துக்கொண்டேன். அவர் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார். அந்த மனிதரைப் பற்றி நான் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம், ஆனால் அந்த ஒரு நல்லது செய்தார். மற்றவற்றை முத்திரை குத்தி இரண்டு நாளில் கொண்டுவருவதாகச் சொல்லி எடுத்துக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலமே எர்ணாவூர் போய் அக்காவிடம் அந்தத் தாளைக் கொடுத்தேன். அவள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தாள். மாமாவின் கையெழுத்தை விரலால் தொட்டாள். மகளைக் கூப்பிட்டு, "பாரு, எட்டு நாப்பதுக்கு உங்கப்பன் வேலைக்கு எறங்கிக்கிறாரு. கையெய்த்துப் போட்டுட்டுத்தான் எறங்கிக்கிறாரு" என்றாள். அன்று அவள் எனக்குச் சுறாப்புட்டு செய்து போட்டாள். மாமா போன பிறகு அந்த வீட்டில் கவிச்சி செய்தது அன்றுதான் முதல் தடவை. நான் ஏதோ சாதித்துவிட்டவளைப்போல இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

இரண்டு நாள் பத்து நாள் ஆயிற்று. உதவியாளர் சார் என்று சொன்ன பிரிவு எழுத்தர்தான் முத்திரை குத்தவேண்டும். அவர் மருத்துவ விடுப்பில் இருக்கிறார் என்றார்கள். வந்தார், அப்புறம் அதிகாரி கூட்டத்துக்குப் போய்விட்டார் என்றார்கள். நானும் நச்சரிக்கவில்லை. நம்ம ஆபீஸ் ஆள் நச்சரிக்கலாமா? மரியாதைக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் உதவியாளரிடம் கேட்பேன். "வந்துகினே கீதுக்கா" என்பார். வக்கீலிடம் அந்த ஒற்றைப் பக்கத்தைக் காட்டினேன். "விஷயம் பிரமாதம். ஆனா முத்திரை இல்லாம இது வெறும் ஜெராக்ஸ்மா. வாய்தா ஒண்ணு வாங்குறேன், அதுக்குள்ள கொண்டாங்க" என்றார்.

அந்த வாய்தாவுக்குள் அலுவலகத்துக்குத் தணிக்கை வந்தது. ஒரு வாரம் இரண்டு பேர் உட்கார்ந்து கணக்கைக் குடைந்தார்கள். கொடுத்த ஒவ்வொரு நகலுக்கும் சலான் எண் எங்கே என்று கேட்டார்களாம். சலான் எண் இல்லாத நகலுக்கு எழுத்தர் தன் கையிலிருந்து கட்டவேண்டிவரும் என்று பேச்சு. தணிக்கைக்காரர்கள் போன நான்காம் நாள் அக்கா வீட்டுக்குப் பதிவுத் தபால் வந்தது. கோரிய ஆவணங்களுக்கான கட்டணத்தை மனுதாரர் இதுநாள்வரை செலுத்தாததால் மனு முடித்துவைக்கப்படுகிறது என்று இரண்டே வரி.

அக்கா அதை எடுத்துக்கொண்டு பஸ் பிடித்துக் கடைக்கு வந்தாள். "இன்னாடி இது? நீ துட்டுக் கட்டலியா?" என்றாள். கோபத்தில் கேட்கவில்லை. ஏதோ தப்பாக அச்சாகியிருக்கிறது என்றுதான் நினைத்தாள். நான் அவளைக் கடையில் உட்காரவைத்துவிட்டு முதல் மாடிக்கு ஏறினேன்.

எழுத்தர் தென் மாவட்டத்துக்காரர், மரியாதையாகவே பேசுவார். கடிதத்தைத் தலைகீழாக வைத்தே படித்துவிட்டு, "சரியாத்தானம்மா போட்டிருக்கு. பணம் கட்டலையே" என்றார்.

"பாக்கில கயிச்சிக்கலாம்னு நீங்கதான சார் சொல்லி வுட்டீங்க?"

"நானா? அரசாங்கக் கட்டணத்த ஜெராக்ஸ் கடை பாக்கில கழிக்க முடியுமாம்மா? அதுக்கு ஏதாவது விதி இருக்கா? எழுத்துல இருக்கா? யார் சொன்னது?"

நான் திரும்பி உதவியாளரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் போய்த் தண்ணீர்க் கேனைச் சாய்த்துத் தம்ளரில் பிடித்துக்கொண்டிருந்தார். தம்ளர் நிறைந்து வழிந்தது. அவர் திரும்பவே இல்லை.

"நகல்கூட என் கடையிலதான சார் எடுத்தீங்க? நாப்பத்தி மூணு பக்கமும் எங்க?"

"அலுவலகக் கோப்பு வெளிய போகவே போகாதும்மா" என்றார் எழுத்தர். மேசைத் துணி விரித்த அந்தச் செத்த மிஷினைக் கையால் காட்டினார். "நகல் எல்லாம் இங்கதான் எடுக்குறது."

கத்தினேன். மாடி முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். என்ன கத்தி என்ன? ஓடிவந்து பத்து நிமிஷத்தில் சலான் போட்டு எண்பத்தாறு ரூபாயைக் கட்டி, அதை எடுத்துக்கொண்டு திரும்பவும் ஏறினேன். முடித்துவைத்த மனுவுக்குப் பணம் ஏற்க வழியில்லை, புதிதாக மனு போடுங்கள், இல்லை என்றால் மேல்முறையீடு செய்யுங்கள் என்றார். அந்த எண்பத்தாறு ரூபாய் மட்டும் மேலே போய்விட்டது. புது மனு ஒன்றும், மேல்முறையீடு ஒன்றும், இரண்டையுமே போட்டேன். இரண்டுக்கும் திரும்ப முதலிலிருந்து நாள் எண்ண ஆரம்பித்தார்கள்.

வாய்தா அதற்கெல்லாம் காத்திருக்குமா? வேறு வழியில்லாமல் வக்கீல் அந்த ஒற்றைப் பக்கத்தைத் தாக்கல் செய்தார். இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் தொழிலாளர் துறை அதிகாரியின் அறை சின்னது. அக்கா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எதிர்த் தரப்பு வக்கீல் தாளை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இதுல முத்திரை இல்ல, கையொப்பம் இல்ல. இது எங்க எடுத்தது?"

யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனால் நான் எழுந்து நின்றேன். உண்மையைச் சொன்னால் போதும் என்று நினைத்தேன்.

"என் கடையிலதாங்க. ஆபீஸ் ஃபைலையே என் கடைக்கு எட்த்துனு வந்தாங்க."

"உங்க கடைன்னா?"

"ஜெராக்ஸ் கடைங்க. நான் அவங்க தங்கச்சி."

அவர் என்னைப் பார்க்கவில்லை. அதிகாரியைப் பார்த்துக் கைகளை விரித்தார். "மனுதாரரோட தங்கச்சி ஜெராக்ஸ் கடை வெச்சிருக்காங்க. அரசாங்கக் கோப்பு தெருவுக்கு வந்துச்சாம். இதுக்கு மேல நான் என்னங்க சொல்லணும்?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதிகாரியும் வாயோரம் சிரித்துக்கொண்டு தாளை ஓரமாக வைத்தார். அந்தக் கட்டடத்துக்கே கீழே, படிக்கட்டுப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. நாங்கள் ஏறி வரும்போது ஒரு ஊழியர் அங்கே கட்டுக் கட்டாகக் கோப்பு வைத்து நகல் எடுத்துக்கொண்டிருந்ததை எல்லோரும்தான் தாண்டி வந்தோம். அதை நான் சொல்ல வாயெடுத்தபோது எங்கள் வக்கீலே என் புடவையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். புருஷன் கையெழுத்தை நான் கடையில் உட்கார்ந்து வரைந்திருப்பேனோ என்று ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவளுக்கும் தோன்றியதுபோல இருந்தது.

அடுத்த மாதம் காண்டிராக்டரின் ஆள் வந்தான். மனிதாபிமான அடிப்படையில் ஒரு தொகை தருவதாகச் சொன்னான். தொகையை எழுத எனக்கு மனம் வரவில்லை. பெண்ணின் காலேஜில் ஃபீஸ் கட்டக் கடைசி நாள் சொல்லியிருந்தார்கள். கொஞ்சம் பொறுக்கா, மேல்முறையீட்டில் வந்துவிடும் என்று நான் சொன்னேன். "நீ சொன்னதத்தான் இத்தினி நாளாக் கேட்டுனு இருந்தேன்" என்றாள். வழக்கை வாபஸ் வாங்கும் காகிதத்தில், இறந்தவர் சம்பவ தினத்தில் பார்வையாளராக மட்டுமே உள்ளே வந்தார் என்று ஒரு வரி இருந்தது. அக்கா ஆறாவதுவரை படித்தவள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அந்த வரியை விரல் வைத்து, எழுத்து எழுத்தாகப் படித்தாள். படித்து முடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

ஏழு வாரம் கழித்து மேல்முறையீட்டு உத்தரவு வந்தது. உரிய காலத்தில் வழங்காததால் நகல்களைக் கட்டணமின்றி இலவசமாக வழங்கவும் என்று. உதவியாளர்தான் கொண்டுவந்து வைத்தார். என்னைப் பார்க்காமல் மேசையில் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார். நாற்பத்து மூன்று பக்கம், பக்கத்துக்குப் பக்கம் ஊதா முத்திரை, எழுத்தரின் சுருக்கொப்பம். எல்லாம் அன்றைக்கு நான் எடுத்த அதே நகல்கள். இத்தனை மாதமாக ஒரு அலமாரியில் சும்மா கிடந்திருக்கின்றன.

அதை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். அவள் உறையைப் பிரித்தாள், முப்பத்தோராவது பக்கம்வரை புரட்டினாள், முத்திரையைப் பார்த்தாள்.

"இப்ப குத்திக் குட்த்துட்டானா?"

"ஆமாக்கா. திரும்பக் கேசு போடலாமான்னு வக்கீலாண்ட கேக்கலாம்."

"அவுரு வேடிக்க பாக்கப் பூட்டாருன்னு நான் கையெய்த்துப் போட்டுக் குட்த்துக்கிறேனே, அதுக்கு எவன்டி முத்திர குத்துவான்?" என்றாள். உறையை என் மடியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் திரும்பி வரவில்லை. நீ ஏன் கட்டவில்லை என்று அன்றைக்கும் அவள் கேட்கவில்லை, இன்றுவரை கேட்டதில்லை. கேட்டுத் திட்டித் தீர்த்திருந்தால் நான் அவள் காலிலாவது விழுந்திருப்பேன்.

அலுவலகத்துக்குக் கடன் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. டீக்கடைக்குப் பக்கத்தில் புதிதாக ஒருவர் மிஷின் போட்டார், கோப்புகள் இப்போது அங்கே போகின்றன. ஜனங்கள் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கட்டிவிட்டு அங்கே போய் இன்னொரு தடவை கொடுக்கிறார்கள். நான் கடையிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் ஒரு புதன்கிழமை அக்கா அந்தப் பக்கம் வந்தாள். விதவை உதவித்தொகைக்கு மனு கொடுக்க வந்திருப்பாள் என்று நினைக்கிறேன். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. என் கடையில் அப்போது ஒரு ஆளும் இல்லை. வருவாள் என்று எழுந்து, அவள் உட்காரும் ஸ்டூலைத் துடைத்துவிட்டு நின்றேன். அவள் என் கடையைத் தாண்டிப் போய், டீக்கடைப் பக்கத்துக் கடையில் வரிசையில் நின்றாள். வெயிலில் ஆறு பேருக்குப் பின்னால் நின்றாள். அவள் முறை வந்ததும் பையிலிருந்து மாமாவின் இறப்புச் சான்றிதழை எடுத்து நீட்டினாள். கடைக்காரர் நகலைக் கொடுத்ததும் முந்தானை முடிச்சை அவிழ்த்து, சில்லறையை எண்ணி அவர் கையில் வைத்தாள். பதினான்கு வருடத்தில் என் அக்கா ஒரு ஜெராக்ஸுக்குக் காசு கொடுத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.